சுவாதீனம் என்ற சொல்லும் எங்கள் ஏழாவது வீடும்

மலர்க்கொடி எங்கள் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் பால் பாக்கெட், இன்னொரு கை வாயின் மேல். குன்னம் பக்கத்துப் பள்ளியிலிருந்து பஸ் பிடித்து, அரியலூரில் இறங்கி, சாயங்கால வெயிலில் நான் நடந்து வந்து சேர்ந்த நேரம் அது. தோளில் பை, பைக்குள் திருத்த வேண்டிய விடைத்தாள்கள், வயிற்றில் பசி.

மலர்க்கொடி எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவள். கணவர் பஸ் கண்டக்டர். கீழே பின்பகுதியில் நானும் என் கணவர் சேவியரும். முன்பகுதியில் வீட்டின் சொந்தக்காரர் தங்கராசுவும் அவர் மனைவி செல்வியும். தங்கராசுவிடம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஒன்று இருந்தது. இவ்வளவுதான் கதையின் ஆட்கள்.

சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. யாரோ அவசரமாகக் கிழித்துவிட்டுப் போயிருந்தார்கள். பசை நன்றாகப் பிடித்த இடங்களில் மட்டும் துண்டு துண்டாக எழுத்துகள் மிச்சமிருந்தன. மேலே ‘திரு. தங்கராசு’. நடுவில் தனியாக ‘சுவாதீனம்’. கீழே, ‘எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ள வேண்டாம் எனப் பொதுமக்கள் எச்சரிக்கப்படுகிறார்கள்’. அதற்கும் கீழே பாதி முத்திரை. ஒட்டியது யார் என்று சொல்லும் பகுதி போய்விட்டிருந்தது.

“டீச்சர், சுவாதீனம்னா என்னங்க?” என்றாள்.

தமிழாசிரியையிடம் தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் கேட்டால் என்ன ஆகும்? பசி பறந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். முப்பது வருடமாகக் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லிக் கேள்வித்தாள் தயாரித்தவள் நான். சுவாதீனம் என்ற சொல்லுக்கு முன்னால் கிழிந்திருந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

“முன்னாடி ‘சித்த’ன்னு இருந்திருக்கும் மலரு. சித்த சுவாதீனம். அதாவது புத்தி தெளிவு. அது இல்லாதவங்ககிட்ட கொடுக்கல் வாங்கல் வச்சுக்கக் கூடாது, கையெழுத்து செல்லாது. அதைத்தான் எச்சரிச்சிருக்காங்க.”

மலர்க்கொடி பால் பாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “அதான் பாத்தேன். அந்த அண்ணன் கொஞ்ச நாளாவே ஒரு மாதிரிதான் இருக்காரு.”

வெங்காய வீடும் வாளி வீடும்

வாடகை வீட்டுக்காரர்கள் பற்றி இந்தத் தொடரில் இதுவரை எழுதியதைப் படித்தவர்களுக்கு என் ராசி தெரிந்திருக்கும். குன்னத்தில் நாங்கள் இருந்த வீட்டுக்காரருக்குச் சின்ன வெங்காயம் விலை ஏறும்வரை வைத்திருக்க இடம் போதவில்லை. “கொஞ்ச நாளைக்குத்தாங்க” என்று எங்கள் கூடத்தில் பாதியை எடுத்துக்கொண்டார். விலை ஏறவில்லை. வெங்காயச் சருகு என் புடவை மடிப்பிலெல்லாம் ஏறி, பள்ளியில் மரத்தடிப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பெரம்பலூர் வீட்டம்மா வேறு ரகம். நாங்கள் குழாயில் எத்தனை வாளி பிடிக்கிறோம் என்று மாடியிலிருந்து வாய்விட்டு எண்ணுவார். நான் வேண்டுமென்றே சிறிய சொம்பில் பிடித்து அவரை எண்ண வைத்த நாட்களும் உண்டு. நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் சந்தோஷமாக இருந்தது.

இதற்கு முன் இருந்த ஆறு வீடுகளிலும் எனக்கிருந்த கவலை ஒன்றுதான். வீட்டுக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ என்ற கவலை. வீட்டுக்காரரையே ஒருவர் காலி பண்ணச் சொல்ல முடியும் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை.

பாத்ரூம் குழாய்

ஏழாவது வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் சேவியரின் கால். எறையூர்ப் பக்கம் சர்க்கரை ஆலையின் கரும்பு ஆபீஸ் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், அடுத்த மாதமே மொபெட்டில் இருந்து விழுந்தார். தொடையில் தகடு வைத்தார்கள். மாடி ஏறக் கூடாது, வழுக்கக் கூடாது, இந்தியன் கக்கூஸ் கூடாது என்று டாக்டர் போட்ட பட்டியலுக்கு ஏற்ற வீடு அரியலூரில் லேசில் கிடைக்கவில்லை. பார்த்த வீடுகளிலெல்லாம் வாசலிலேயே நாலு படி.

தங்கராசு வீட்டில் ஒரே படி. அதையும் நாங்கள் குடிவருவதற்கு முந்தின நாள் சிமெண்ட் பூசிச் சரிவாக்கிவிட்டார். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள வசதியாக, தன் லாரியில் இருந்து கழற்றிப் போட்டிருந்த பழைய இரும்புக் குழாயை அறுத்து, நீல பெயிண்ட் அடித்து, சுவரில் பதித்துக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. சேவியர் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு தனியாகக் குளித்துவிட்டு வந்த முதல் நாள், அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

விடியற்காலையில் லாரி உறுமிக் கிளம்பும் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். அது போன பிறகு டீசல் வாசனை ஜன்னல் வழியாக வந்து காப்பி வாசனையோடு கலக்கும். மெயின் ரோட்டில் போகிற லாரிகளின் வெள்ளைத் தூசி எங்கள் கறிவேப்பிலைச் செடியில் படிந்திருக்கும். இரண்டு முறை அலசித்தான் தாளிக்க வேண்டும். இருந்தாலும் அந்த வீடு எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு நாள் லாரி கிளம்பவில்லை. அடுத்த நாளும் இல்லை. வாரங்கள் போயின. தங்கராசு தினமும் காலையில் அந்த நிற்கிற லாரியைக் கழுவினார். ஓடாத லாரியை, டயர் இடுக்கு விடாமல். கழுவும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டார். போஸ்ட்மேன் வந்து அவர் பெயரைக் கேட்டபோது, “அவரு ஊருல இல்லீங்க” என்று அவரே சொன்னதை என் காதால் கேட்டேன். எங்களிடம் வந்து இரண்டு மாத வாடகையை முன்கூட்டியே கேட்டார். நான் எடுத்துக் கொடுப்பதற்குள், “வேண்டாம் டீச்சர், தப்பா கேட்டுட்டேன்” என்று திரும்பிப் போய்விட்டார்.

இதெல்லாம் மனதில் இருந்தபோதுதான் அந்தக் கிழிந்த நோட்டீஸ். நான் வேறு எப்படி நிரப்புவேன், சொல்லுங்கள்.

என் அப்பா எழுதி வைத்த உயிலின் முதல் வரியே “என் முழு சித்த சுவாதீனத்துடன், பிறர் தூண்டுதல் இன்றி” என்றுதான் தொடங்கும். வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டில் அதை ஜெபம்போல வாசித்துக் காட்டினார்கள். என் அகராதியில் சுவாதீனம் தனியாக வந்ததே இல்லை. எப்போதும் சித்தத்தோடுதான் வரும்.

வெண்டைக்காய் வைத்தியம்

செல்வியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம் என்று மலர்க்கொடிதான் சொன்னாள். இருவரும் போனோம். செல்வி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, அண்ணனுக்கு எப்பலேருந்து இப்படி?” என்றாள் மலர்க்கொடி, குரலைத் தாழ்த்தி.

செல்வியின் கை நின்றது. கண் நிறைந்துவிட்டது. “ஆறு மாசமா. வெளியில தெரியக் கூடாதுன்னு பொத்தி வச்சிருந்தோம். சுவத்துல ஒட்டிட்டுப் போயிட்டாங்க.”

“சரியாயிடும்ல?”

“மொத்தமா குடுத்தா சரியாயிடும்ங்கறாங்க. எங்க போயி குடுக்கறது?”

மொத்தமாகக் கொடுப்பது என்றால் ஆஸ்பத்திரிச் செலவு என்று நான் எடுத்துக்கொண்டேன். மலர்க்கொடி மின்சார ஷாக் கொடுக்கும் வைத்தியம் என்று எடுத்துக்கொண்டாளாம், பிறகு சொன்னாள். செல்வியின் தோளைத் தட்டிக் கொடுத்தோம், மூவரும் சேர்ந்து அழுதோம். மூவரும் அழுதது ஒரே விஷயத்துக்காக அல்ல.

மறுநாளிலிருந்து வைத்தியம் தொடங்கியது. மூளைக்கு நல்லது என்று மாடியிலிருந்து வெண்டைக்காய் வரும். பொரியல், பச்சடி, மோர்க்குழம்பு. கீழே இருந்து என் பங்குக்கு வல்லாரைத் துவையல். மலர்க்கொடி கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு துளசி கொண்டுவந்து கொடுத்தாள். நான் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகப் போய் நிற்பது மேலே எப்படி எடுத்துக்கொள்ளப்படும் என்று நான் கவலைப்படவில்லை.

தங்கராசு எல்லாவற்றையும் வாங்கிச் சாப்பிட்டார். தலையைக் குனிந்துகொண்டு, “ரொம்ப நன்றிங்க டீச்சர்” என்பார். அது வேறு எனக்குச் சங்கடமாக இருந்தது.

பெரிய அதிசயம் சேவியர்தான். விழுந்ததிலிருந்து அவர் வாசலைத் தாண்டியதில்லை. வாக்கரை வைத்துக்கொண்டு தெருவில் போக வெட்கம். தனியாகப் பேசிக்கொண்டிருக்கிற தங்கராசுவுக்குப் பேச்சுத் துணை வேண்டும் என்று நான் சொன்னதும், தினமும் காலையில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு லாரி வரைக்கும் போக ஆரம்பித்தார். தங்கராசு லாரியைக் கழுவுவார். இவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து கரும்பு ஆபீஸ் கதைகள் சொல்வார். ஒரு மாதத்தில் வாக்கர் கைத்தடியாக மாறியது. பைத்தியத்துக்குத் துணை போனவர் கால் குணமாகி வந்தார்.

முழு நோட்டீஸ்

ஒரு சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. வங்கியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். இளைஞர், கையில் ஃபைல், வெயிலில் வியர்த்திருந்தார். பின்பக்கமாக வந்து, “நீங்க வாடகைக்கு இருக்கீங்களாம்மா?” என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அதே நோட்டீஸ். இந்த முறை கிழியாதது.

‘அடையாள சுவாதீனம்’ என்று இருந்தது.

தங்கராசு இந்த வீட்டை அடமானம் வைத்துத்தான் லாரி வாங்கியிருக்கிறார். லோடு குறைந்துபோய்த் தவணை கட்டவில்லை. அதனால் வீட்டின் சுவாதீனத்தை, அதாவது உரிமையோடு வைத்திருக்கும் அதிகாரத்தை, பேருக்கு வங்கி எடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டின் மேல் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. பைத்தியம் எங்கேயும் இல்லை. முப்பது வருடத் தமிழாசிரியையான நான், கோடிட்ட இடத்தில் தப்பான விடையை எழுதி, மலர்க்கொடியையும் காப்பியடிக்க வைத்திருக்கிறேன்.

வெட்கப்பட நேரமில்லை. எங்கள் கதி என்ன என்று கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். பணம் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும். எடுப்பவர் காலி பண்ணச் சொல்லலாம். அட்வான்ஸை வங்கி தராது, அதைத் தங்கராசுவிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யாதது, பதினொரு மாதம் முடிந்து புதுப்பிக்காமலும் கிடந்தது. அதை அவரிடம் காட்டவே எனக்குக் கை வரவில்லை.

அட்வான்ஸ் போனால்கூட மென்று முழுங்கிவிடலாம். பாத்ரூமில் அந்த நீலக் குழாய் கண்ணில் பட்டது. இப்படி ஒரு வீட்டுக்கு இனி எங்கே போவேன்? சேவியரை எந்த மாடியில் கொண்டுபோய் அடைப்பேன்? இவ்வளவையும் மறைத்து எங்களைக் குடிவைத்த மனிதருக்கா நான் துவையல் அரைத்தேன்? எனக்குக் கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும் என்று என் மாணவர்களுக்குத் தெரியும். அன்று தங்கராசுவுக்கும் தெரிந்தது.

அவர் லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றார். காகிதத்தை நீட்டினேன்.

“தம்பி, இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?”

அவர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழப்பம்தான் தெரிந்தது. “உங்களுக்குத்தான் முன்னாடியே தெரியுமே டீச்சர். நான் கிழிக்கறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் படிச்சுட்டீங்கன்னு செல்வி சொன்னாளே.”

நீட்டிய காகிதத்தை நான் மடித்தேன், அவர் தொடர்ந்தார்.

“கடன்காரன் மூஞ்சில முழிக்கவே ஆளுங்க யோசிப்பாங்க. சொந்தக்காரங்களே போன் எடுக்கல. நீங்க என்னான்னா சோறும் கொழம்புமா குடுத்து வுட்டீங்க. சாரு அந்தக் காலை வச்சுக்கிட்டு தெனமும் வந்து கூட உக்காந்தாரு. வூட்ட வுட்டு ராவோட ராவா எங்கயாச்சும் போயிடலாம்னு பையெல்லாம் கட்டி வச்சிருந்தேன் டீச்சர். உங்க மூஞ்சிக்காகத்தான் போகல.”

பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் பெருந்தன்மை அப்படியே நின்றிருக்கும். ஆனால் ஒரு தப்பைத் திருத்தாமல் விடும் பழக்கம் எனக்குக் கிடையாது, அது என் சொந்தத் தப்பாகவே இருந்தாலும். சொல்லிவிட்டேன். கிழிந்த இடம், சித்தம், மலர்க்கொடி, எல்லாம்.

டியூபில் தண்ணீர் அவர் கால் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப அந்த வெண்டக்கா?”

“மூளைக்கு.”

“தொவையலு?”

“அதுவும் அதுக்குத்தான்.”

முதலில் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகச் சிரித்தார். சிரிப்பு தாளாமல் கீழே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு வெளியே ஓடிவந்த செல்வி, புருஷன் ஈரத்தில் உட்கார்ந்து விடாமல் சிரிப்பதைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். அவளுக்கு அன்றைக்குத்தான் நிஜமாகவே சந்தேகம் வந்ததாம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கராசு என்னைக் கேட்டார்.

“கடன்னு தெரிஞ்சிருந்தா குடுத்திருப்பீங்களா டீச்சர்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “தெரிஞ்சிருந்தா மறுநாளே வேற வூடு பாத்திருப்பேன் தம்பி” என்றேன்.

தலையை ஆட்டினார். கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அந்தப் பதில் இன்றைக்கும் உறுத்துகிறது. புத்தி தவறியவர் என்று நினைத்தபோது பக்கத்தில் போய் உட்கார முடிந்தது. கடன்பட்டவர் என்று தெரிந்ததும் நடை வேகமாகிவிட்டது.

மூன்று ரசீது

என் கோபம் வாசலோடு முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் சேவியரின் வேலை. மனு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவரும் தங்கராசுவும் ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போனார்கள். போனார்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டேன், ஐந்தாறு தடவை போனார்கள்.

லாரியை விற்பது என்று தங்கராசு ஒப்புக்கொண்டதுதான் பெரிய விஷயம். பெரம்பலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார். அவ்வளவு கழுவி வைத்திருந்ததால் நல்ல விலை போனது என்று சேவியர் சொல்வார். நின்றுபோன தவணைகள் அதில் அடைந்தன. மீதிக்கு, வாடகையை எங்களிடமிருந்து நேராக அந்தக் கடன் கணக்கிலேயே கட்டச் சொல்லி தங்கராசு எழுதிக் கொடுத்தார். அந்த இளம் அதிகாரி மேலிடத்தில் பேசி அதற்கு ஒப்புதல் வாங்கினார். ஏல நடவடிக்கையை நிறுத்தி வைப்பதாகக் கடிதமும் வந்தது. அதை நான் இரண்டு முறை, ஓரம் முதல் ஓரம் வரை படித்தேன்.

மாடி வீட்டுக் கண்டக்டருக்கு நம்பிக்கை வரவில்லை. காலி பண்ணுவோம் என்றார். மலர்க்கொடி நாலு வீடு பார்த்துவிட்டு வந்து, எல்லா இடத்திலும் ஏதாவது ஒரு கடன் இருக்கிறது, இங்கேயாவது தெரிந்த கடன் என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

மாதம் பிறந்தால் கீழ் வீட்டு ரசீது, மாடி வீட்டு ரசீது, தங்கராசு தன் சம்பளத்தில் கட்டிய ரசீது என மூன்றும் செல்வியின் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் போகும். அவர் இப்போது வேறொருவர் லாரியை ஓட்டுகிறார். அது இந்தத் தெருவுக்குள் வராது. விடியற்காலையில் மெயின் ரோடு வரை நடந்து போய் ஏறிக்கொள்வார். எனக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிடுகிறது. இப்போது நானும் ஓய்வு பெற்ற பிறகும்.

கல்லங்குறிச்சிப் பெருமாளா ஏலாக்குறிச்சி மாதாவா, யார் செய்தது என்று மலர்க்கொடியும் நானும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. புத்தி தெளிய வேண்டிக்கொண்டோம், கடன் தெளிகிறது. இரண்டு பேரிடமும் நான் விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்கவில்லை.

கைப்பட ஒரு வரி

புது ஒப்பந்தம் போட, ரிஜிஸ்தர் ஆபீஸ் எதிரில் இருக்கும் பத்திர எழுத்தர் கடைக்குப் போனோம். வங்கியின் சம்மதக் கடிதத்தோடு, இந்த முறை பதிவு செய்வதாக. தங்கராசு, சேவியர், நான். எழுத்தர் தட்டச்சு செய்து நீட்டினார். நான் படித்துவிட்டுச் சரி என்றேன். தங்கராசு பேனாவை வாங்கவில்லை.

“ஒரு வரி விட்டுப்போச்சுங்க” என்றார்.

எந்த வரி என்று எழுத்தர் கேட்டார்.

“முழு சித்த சுவாதீனத்தோடன்னு போடுவாங்கள்ல, அது.”

அது உயிலுக்குத்தான் போடுவது, வாடகைக்குத் தேவையில்லை என்று எழுத்தர் விளக்கினார். அடித்த காகிதத்தை மாற்றவும் அவருக்கு மனமில்லை.

“எனக்குத் தேவைப்படுதுங்க. டீச்சர் கையாலயே எழுதட்டும். அவங்களுக்கு எந்த எடத்துல வரும்னு தெரியும்.”

சேவியர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் பேனாவை வாங்கி, இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்த இடத்தில், கரும்பலகையில் எழுதுவதுபோல நிறுத்தி, ‘முழு சித்த சுவாதீனத்துடன்’ என்று எழுதினேன். தங்கராசு அதற்கு நேராகச் சின்னக் கையெழுத்தும், கீழே பெரிய கையெழுத்தும் போட்டார். சாட்சிக்கு சேவியர் கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு, நின்றபடியே போட்டார்.

என் முறை வந்தது. போடுவதற்கு முன் இன்னொரு முறை மேலிருந்து கீழே படித்தேன். எங்கேயும் கிழிந்திருக்கவில்லை.